வெள்ளைச்சாம்பல் விட்ட கரி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும் நாளில் அது ஒரு முறை வெளியே தலைகாட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் சாயப்பட்டறையில் எல்லோருக்கும் அவர் வெள்ளைச்சாம்பல்தான். முதலாளிக்கும் வெள்ளைச்சாம்பல், வாசல் காவலாளிக்கும் வெள்ளைச்சாம்பல். அந்தப் பெயரைக் கேட்டால் அவர் சும்மா திரும்பமாட்டார். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரும்புவார்.

காரணம் இருக்கிறது. அந்தப் பட்டறையில் செயற்கைக் கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். சாயம் ஏற வேண்டுமென்றால் தொட்டித் தண்ணீர் கொதிக்க வேண்டும். அதற்கு நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர், பாய்லருக்கு நெருப்பு, நெருப்புக்கு உமி. நெல் அரைக்கும் ஆலைகளில் வைக்க இடமில்லாமல் ரோட்டோரத்தில் கொட்டிக் கொளுத்துகிறார்களே, அதே உமிதான். சாக்குச் சாக்காக வந்து பாய்லர் அறைக்குப் பின்னால் கூரையைத் தொட அடுக்கியிருக்கும்.

உமி எரிப்பது குப்பை கொளுத்துகிற வேலைதானே என்று நினைப்பவர்கள் அந்த அடுப்பின் முன்னால் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். உமி லேசில் மசிகிற பொருள் இல்லை. காற்றைக் குறைத்தால் உள்ளுக்குள் புகைந்துகொண்டே கிடக்கும். கூட்டினால் எரியாமலேயே புகைபோக்கி வழியாகப் பறந்துபோய் அடுத்த தெருவில் காயப்போட்ட துணியில் உட்காரும். கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, காற்றூதியைத் திருகித் திருகி, நீளக் கம்பியால் அடிவரை கிளறிவிட்டு எரித்தால்தான் கீழே வெள்ளைச் சாம்பலாக விழும். ஒரு துணுக்குக் கறுப்புத் தெரிந்தாலும் நெருப்பு ஒழுங்காகப் போடவில்லை என்று அர்த்தம்.

ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆள் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே சாம்பல் கதவைத் திறந்து பார்ப்பார். பாய்லர்காரர்களிடையே அது எழுதாத சட்டம். கறுப்பாக இருந்தால் திட்டமாட்டார். மெல்ல ஒரு செருமல் செருமிவிட்டு, "கரி விட்டிருக்கீங்க" என்பார். அவ்வளவுதான், மானம் கப்பலேறிவிடும். குடிகாரன் என்று சொன்னால்கூடச் சிரித்துக்கொண்டே போய்விடுகிற ஆட்கள், கரி விட்டான் என்று சொன்னால் சட்டையைப் பிடிப்பார்கள். நம் ஆள் அந்தச் சொல்லை ஒரு முறைகூட வாங்கியதில்லை. அவர் எரித்த சாம்பலைத் திருநீறு போலப் பூசிக்கொள்ளலாம் என்று யாரோ கேலியாகச் சொன்னதிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. "உங்களுக்கு அந்தப் பாய்லர்தான் மூத்த சம்சாரம், நான் ரெண்டாவதுதான்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவர் மறுத்ததில்லை.

இந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் அவருடைய அக்கா. மீசை அரும்பாத வயதில் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, அப்போதிருந்த பெரிய முதலாளி முன்னால் நிறுத்தி, "படிப்பு ஏறல, ஆனா சொன்ன வேலைய சொன்னபடி செய்வான்" என்று சிபாரிசு செய்தவள். இன்றைக்கும் அந்த ஒரு வரிதான் அவருடைய நற்சான்றிதழ். அக்காவுக்குப் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கால்வாயை ஒட்டி ஒரு துண்டு நிலம். அதில் கீரையும் கத்தரியும் போட்டுக்கொண்டு, ஒரு சின்னக் கிணற்றை நம்பிப் பிழைத்தாள். புருஷன் போன பிறகு அந்தக் கிணறுதான் அவளுக்குத் துணை. காலையில் எழுந்ததும் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவாள்.

பட்டறையின் சாயத் தண்ணீர் பாய்லர் அறைக்குப் பின்னால் ஒரு குழியில் விழுந்து, மதில் சுவருக்கு அடியில் ஒரு குழாய் வழியாக வெளியேறிக் கால்வாயில் கலக்கும். தொடக்கத்தில் பட்டறை சின்னது, கால்வாய் பெரியது, ஒன்றும் தெரியவில்லை. நாளாக ஆகத் தொட்டிகள் பெருகின, கால்வாய் மெலிந்தது. மண்ணுக்குள் கசிந்து கசிந்து ஒரு நாள் அக்காவின் கிணற்றுக்குள்ளேயே நிறம் வந்துவிட்டது.

அன்றைக்கு அவள் ஒரு குடம் தண்ணீரைச் சுமந்துகொண்டு பட்டறை வாசலுக்கே வந்தாள். சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். குடத்தை அவர் காலடியில் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"என் கிணத்துத் தண்ணி. இப்ப நீங்க நீலம் போட்டிருக்கீங்க, போன மாசம் சிவப்பு. இங்க என்ன நூல் ஓடுதுன்னு நான் வீட்ல இருந்தே சொல்லிடுவேன். எடுத்துக் குடி."

"நான் நெருப்புப் போடறவன் அக்கா. சாயத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? சாய மாஸ்டர் வேற, நான் வேற."

"உன் ஆவி இல்லாம சாயம் ஏறுமாடா?"

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சாய மாஸ்டர் மெதுவாக உள்ளே நழுவினார்.

"உன்னை இந்த வாசல்ல கொண்டுவந்து விட்டது நான்தான்" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. "அதனால யாரையும் திட்டக்கூட எனக்கு வாய் வரல. கிணறு தெளியற வரைக்கும் நீ என் வாசப்படி மிதிக்காத. நானும் உன் வாசப்படி மிதிக்கமாட்டேன்." குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் காலடியில் மண் நீலமாகிக் கிடந்தது.

அவர் முதலாளியிடம் போய்ச் சொன்னார். இப்போதிருக்கிற முதலாளி பெரியவருடைய மகன். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் நாளைக்குத் தள்ளிப்போடுகிறவர். "எனக்கு மட்டும் ஆசையா வெள்ளைச்சாம்பல்? பெரிய இயந்திரம் வாங்கணும்னா பட்டறையையே வித்தாகணும். பாப்போம், பாப்போம்" என்றார். அவர் எப்போது பார்த்தாலும் "பாப்போம்"தான். அதற்குள் அக்கா கத்தரியைப் பிடுங்கிப்போட்டுவிட்டாள். கீரை மட்டும் மழைத் தண்ணீரில் பிழைத்துக் கிடந்தது. தெருவில் எதிரெதிரே வந்தால் அக்கா அந்தப் பக்கம் மாறிப் போனாள். அவர் ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்திருக்க ஆரம்பித்தார். மனைவி கேட்டால், பசியில்லை என்பார். பசி இல்லாமலா, அக்கா இல்லாமல்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மழை நாள் வந்தது. கூரை ஒழுகி உமிச் சாக்குகளில் பாதி நனைந்திருந்தன. அது போதாதென்று ஷிப்ட் முடிகிற நேரத்தில் காற்றூதியின் மோட்டார் நின்றுபோனது. அடுப்பு நிறைய உமி. காற்று இல்லை. நெருப்பு மூச்சுத் திணறி, மேலே புகையும் உள்ளே செந்தணலுமாகக் குமைந்தது. அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் கதவைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே வாரிப் போட்டு, தணல் மேல் தண்ணீரைக் கொட்டினார். ஆவி அடங்கியதும் பார்த்தால், கன்னங்கரேலென்று கரி. முழங்கால் உயரத்துக்கு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுத்த ஷிப்ட்காரர் வந்துவிடுவார். அவரை எல்லோரும் இருமல் என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஓர் இருமல் இருமிவிட்டுத்தான் பேசுவார். வெள்ளைச்சாம்பல் கரி விட்டார் என்ற சேதி இருமல் வாயில் விழுந்தால், பொழுது விடிவதற்குள் ஊர் முழுக்க இருமிவிடும். மோட்டார் நின்றது என்று சொன்னால் யார் குற்றம் சொல்லப்போகிறார்கள்? ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மனிதருக்குப் பெயர் என்று ஒன்று வந்துவிட்டால் புத்தி இப்படித்தான் குறுக்கே ஓடும். காலி உமிச் சாக்குகளை எடுத்தார். கரியை அள்ளி அள்ளித் திணித்தார். சாக்குகளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், யாரும் எட்டிப் பார்க்காத ஒரே இடமான சாயக் குழிக்குள் இறக்கி, மிதக்காமல் இருக்க மேலே உடைந்த செங்கற்களை வைத்தார். கை கால் கழுவிவிட்டு வந்தபோது இருமல் சாம்பல் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சுத்தமாக இருந்தது.

"மோட்டார் நின்னுடுச்சு. நெருப்ப அணைச்சுட்டேன்" என்றார் இவர். பொய் இல்லை.

அன்று அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சாக்குகள் குழியை அடைத்துக்கொண்டு, சாயத் தண்ணீர் பொங்கி வழிந்து, எல்லோரும் கூடி நின்று சாக்கைப் பிரித்துப் பார்ப்பதாகக் கற்பனை ஓடியது. விடிந்ததும் விடியாததுமாக முதல் ஆளாகப் பட்டறைக்குப் போனார். அதற்குள் மோட்டாரைச் சரிசெய்து, இருமல் நெருப்புப் போட்டு, வேலை தொடங்கியிருந்தது. பூனை போலப் பின்பக்கம் போய்க் குழியை எட்டிப் பார்த்தார். அடைக்கவில்லை. நல்ல வேளை என்று மூச்சு விட்டுவிட்டு, மதிலுக்கு அப்பால் குழாய் வாய்ப் பக்கம் போனார்.

குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வெறும் தண்ணீர்.

உள்ளே இன்னும் சாயம் போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். சந்தேகத்தோடு சாயக் கூடத்துக்குள் ஓடினார். சாய மாஸ்டர் பெரிய தொட்டியைத் திறந்து காலி செய்துகொண்டிருந்தார். கருநீலம். ஆவி பறக்க, தரையில் வாய்க்கால் முழுக்கக் கருநீலம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணே, இந்த நேரத்துலயே?" என்றார் மாஸ்டர்.

அவர் அந்தக் கருநீலத்தின் கூடவே நடந்தார். அது கூடத்தைத் தாண்டியது, பாய்லர் அறைச் சுவரைச் சுற்றியது, குழியில் விழுந்தது. அது வரைக்கும் கருநீலம். அவர் மதிலைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடினார். குழாய் வாயில் அதே வெறும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

திரும்ப உள்ளே ஓடினார். நீலம். வெளியே ஓடினார். தண்ணீர். பார்த்தவர்கள் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கடைசியில் குழாய் அருகில் குந்தி உட்கார்ந்துவிட்டார். கையைத் தண்ணீருக்குள் விட்டார். விரல்கள் தெரிந்தன. நகம் தெரிந்தது. நகக்கண்ணில் இருந்த கரிகூடத் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் விழுந்து ஓடும் அந்த வாய்க்காலுக்குச் செங்கல் தரை இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். செங்கல் மேல் ஒரு பல் உடைந்த சீப்பு கிடந்தது, நூல் சுற்றும் கட்டை ஒன்று, யாரோ தொலைத்த சட்டைப் பொத்தான். எல்லாம் கண்ணாடிக்கு அடியில் வைத்தது போலக் கிடந்தன. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆலையில் வேண்டாம் என்று தள்ளிய உமி. அதிலும் அவர் வெட்கப்பட்டு ஒளித்துவைத்த கரி. அது அங்கே இருட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலேயே, கருநீலத்தை வாங்கித் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. சாக்கடையைக் கும்பிடுவதா என்று கூச்சப்பட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

ஓடிப்போய் எல்லோரையும் கூட்டி வந்திருக்க வேண்டும். நீங்களும் நானுமாக இருந்தால் அதைத்தான் செய்திருப்போம். அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கரி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே. ஒரு பக்கம் அக்காவின் கிணறு, இன்னொரு பக்கம் வெள்ளைச்சாம்பல் என்கிற பெயர். இந்த இரண்டையும் தராசில் வைத்து அந்த மனிதர் சில நாள் தடுமாறினார் என்பதைச் சொல்ல எனக்கே கோபம் வருகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அந்தத் தடுமாற்றத்தைக் கரியே முடித்துவைத்தது. ஒரு நாள் குழாயில் லேசாக நீலம் தெரிந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். பிறகு பழையபடி ஆகிவிட்டது. கரி குடித்தது போதும் என்று நிறுத்திக்கொண்டது. அவர் அவசர அவசரமாகத் தன்னுடைய பெருமைக்குரிய வெள்ளைச் சாம்பலைச் சாக்கில் கட்டி இறக்கிப் பார்த்தார். தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போலக் கலங்கியதே தவிர, நிறம் அப்படியே போனது. பச்சை உமியைக் கட்டி இறக்கினார். உமிக்குச் சாயம் ஏறியது, தண்ணீரில் சாயம் முக்கால்வாசி அப்படியே நின்றது. ஆக, கரிதான் வேண்டும். அதுவும் வேண்டுமென்றே விட்ட கரி.

பின்பக்கம் ஓர் ஓட்டைப் பீப்பாய் கிடந்தது. அதில் உமியை அடைத்து, அடுப்புத் தணலை மேலே போட்டு, மூடியை முக்கால்வாசி மூடினார். வாழ்நாள் முழுக்கக் காற்றுக் கொடுத்தே பழகிய கை, முதல் முறையாகக் காற்றை மறுத்தது. சின்னக் குழந்தையின் மூக்கைப் பிடிப்பது போலிருந்தது என்று பிறகு மனைவியிடம் சொன்னார். புகை கிளம்பியது. சிவந்து கறுத்த சமயம் பார்த்துத் தண்ணீரை ஊற்றினார். பக் என்று ஆவி எழுந்தது.

"க்கும்" என்று ஒரு சத்தம்.

திரும்பினால் இருமல் நிற்கிறார். அவருக்குப் பின்னால் சாய மாஸ்டர். புகையைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர்.

"என்ன அண்ணே இது?" என்றார் இருமல். குனிந்து ஒரு பிடி அள்ளினார். "கரியா? நீங்களா?"

"ஆமா" என்றார் அவர். "கரி விட்டிருக்கேன். அன்னிக்கு மழையிலயும் விட்டேன். ஒளிச்சு வெச்சேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகச் சிரித்தார்கள். சாய மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் காத்திருந்தார். சிரிப்பு ஓய்ந்ததும், கரியைச் சாக்குகளில் கட்டித் தூக்கிக்கொண்டு என் பின்னால் வாருங்கள் என்றார். பழைய சாக்குகளை எடுத்துவிட்டுப் புதியதை இறக்கினார்கள். முதலில் கறுப்புத் தூள் கலந்து கொஞ்சம் கலங்கலாக வந்தது. பிறகு தெளிந்தது. மாஸ்டர் தன் கையாலேயே சிவப்புத் தொட்டியைத் திறந்துவிட்டு வந்து மதிலுக்கு அப்பால் நின்றார். வெகுநேரம் நின்றார். அவர் வாழ்க்கையெல்லாம் நூலில் ஏற்றிய சிவப்பு அது. எவ்வளவு துவைத்தாலும் போகாது என்று சத்தியம் செய்து விற்றது.

"எங்கய்யா போச்சு என் சிவப்பு?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

இருமல் அன்றைக்கு இருமவே மறந்துபோனார்.

அதற்குப் பிறகு வந்தவள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்துப் பெண். மாதாமாதம் வந்து புட்டியில் தண்ணீர் பிடித்துப் போகிறவள். அவளைக் கண்டாலே முதலாளிக்கு வியர்க்கும். பட்டறையை மூடு என்று எழுதிக் கொடுக்கிற கை அது, அதுவரை எச்சரிக்கை எழுதியதோடு விட்டிருந்தது. இந்த முறை புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தவள், ஏமாற்று வேலை என்று நினைத்துக் குழிக்கே வந்துவிட்டாள். வெள்ளைச்சாம்பல் திக்கித் திணறி நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் ஒரு சிட்டிகை கரியைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த முறை வரும்போது கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள்.

"இது என்ன தெரியுதாங்க?"

"தேன்கூடு."

"உங்க கரிங்க. பெரிசு பண்ணிப் பார்த்தா இப்படித்தான் இருக்கும்."

அவர் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். அறை அறையாக, அறைக்குள் அறையாக, சுவரில் துளைகள், துளைக்குள்ளும் துளைகள்.

"ஒரு பிடி கரியில இருக்கற சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா, இந்தப் பட்டறைத் தரை முழுக்க மூடிடும்" என்றாள் அவள். "அவ்வளவு சுவர்லயும் சாயம் போய் ஒட்டிக்குது. நெல்லு தனக்காகக் கட்டின அறைங்க இது. நீங்க மூச்சை அடக்கி எரிச்சதால மத்ததெல்லாம் போயி அறை மட்டும் நின்னுச்சு. சூட்டோட தண்ணி ஊத்தினீங்களே, அதுவும் உதவியிருக்கலாம்."

"வெள்ளையா எரிச்சா மேடம்?"

"சாயத்தைப் பிடிக்கிற கரியெல்லாம் எரிஞ்சு போயிடும். வெறும் சாம்பல்தான் மிஞ்சும்."

அவர் பாய்லரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடமாக, எத்தனை கோடி அறைகளைக் கொளுத்திவிட்டு அவர் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார். உலகத்தில் உதவாதது என்று தள்ளிவைத்த பொருளுக்குள் இப்படி ஒரு நகரமே கட்டிக் கிடக்கும் என்று யார் நினைத்துப் பார்த்தார்கள். படத்தைத் திருப்பிக் கொடுக்கவே அவருக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பெண் பூ மட்டும் தூவவில்லை. நிறம் போனால் எல்லாம் போய்விட்டதாக நினைக்கக் கூடாது, சாயத்தோடு போடும் உப்பு போகாது, இதைக் குடிக்கவும் கூடாது என்றாள். ஒரு குழி போதாது, வரிசையாகக் குழிகள் வேண்டும். கடைசிக் குழித் தண்ணீரைப் பட்டறையே திரும்ப எடுத்து நூல் அலசட்டும். சாயம் குடித்து முடித்த கரியைக் கண்ட இடத்தில் கொட்டாமல் பாய்லரிலேயே போட்டு முழுசாக எரித்துவிட வேண்டும் என்றாள். கரி மாற்றும் காலம் தவறினால் மூடச் சொல்லித்தான் எழுதுவேன் என்றும் சொன்னாள். முதலாளி வாயைத் திறந்தார். அவர் "பாப்போம்" என்பதற்கு முன்பே சாய மாஸ்டர் மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

வெள்ளைச்சாம்பல் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இனிமே சாயம் போகாதுன்னா, கால்வாயோரத்துக் கிணறு எப்ப மேடம் தெளியும்?"

"மண்ணுக்குள்ள போனது மெதுவாத்தான் வெளிய போகும். நல்ல மழை பெய்யணும். தெளியும்னு சொல்றேன். எப்பன்னு சொல்லமாட்டேன்."

குழிகள் வெட்டினார்கள். கரி போடுவதற்கென்று மூடியோடு தனி அடுப்பே கட்டினார்கள். பாய்லரில் வெள்ளை, பக்கத்து அடுப்பில் கறுப்பு என்று இரண்டும் அவர் கையில். இருமல் ஷிப்ட் மாற வரும்போது இப்போது இரண்டு கதவையும் திறந்து பார்க்கிறார். கரி அடுப்பில் வெள்ளை தெரிந்தால் செருமுகிறார். அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலிருந்து ஆட்கள் வந்து மூக்கின் மேல் விரல் வைத்து நின்றுவிட்டுப் போனார்கள்.

"போய் உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று மனைவி தினமும் நச்சரித்தாள்.

"கிணறு தெளியற வரைக்கும் வராதன்னுதானே சொன்னா. கிணறே சொல்லட்டும்" என்றார். அது வீம்பு மட்டுமில்லை, பயமும்தான். கிணறு தெளியாமலே போய்விட்டால் எந்த முகத்தோடு போய் நிற்பது? மழைக்காலம் வந்தது. கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். "பெய்யட்டும்" என்பார். மனைவியும் அரைத் தூக்கத்தில் "பெய்யட்டும்" என்பாள்.

மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள். சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். அவர் கரி அடுப்பைக் கிளறிவிட்டு முழங்கை வரை கறுப்போடு வந்து நின்றபோது, தெருமுனையில் அக்கா வருவது தெரிந்தது. இடுப்பில் அதே குடம்.

சாய மாஸ்டர் நழுவப் பார்த்தார். இருமல் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அக்கா வேகமாக நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தம்பிக்கு எதிரே வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"பட்டறைய மூடிட்டாங்களாடா?"

"இல்லையே அக்கா."

"மறைக்காத. கொஞ்ச நாளாவே கிணத்துல நிறம் மங்கிட்டு வந்துச்சு. இன்னிக்குப் பாத்தா நிறமே இல்ல. அடிப்படி தெரியுது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. இவனுக்கு வேலை போயிடுச்சு, சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எங்கயோ முடங்கிக் கிடக்கான்னு நெனச்சேன்." குடத்தை இறக்கிவைத்தாள். "வேலை போனாப் போகட்டும், என் தோட்டத்துல வந்து நில்லுடான்னு சொல்லத்தான் ஓடி வந்தேன்."

கிணறு தெளிந்ததற்கு அவள் சந்தோஷப்படவே இல்லை. ஒரு கணம்கூட. அது புரிந்ததும் அந்தப் பெரிய மனிதர், பேரன் பேத்தி எடுக்கிற வயதில், வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டார். அழுகையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை முழுக்கக் கரி. முகமும் கறுப்பாகிவிட்டது.

மற்றவர்கள்தான் அக்காவை உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார்கள். ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். மாஸ்டர் பச்சைத் தொட்டியைத் திறந்துவிட்டார். பச்சை ஓடி வந்து முதல் குழியில் விழுவதை அக்கா பார்த்தாள். குழி குழியாக நடந்தாள். கடைசிக் குழியின் ஓரத்தில் குனிந்து நின்றவள் நிமிரவே இல்லை. அதில் அவள் முகம் தெரிந்தது.

"யாரு பண்ணது இது?"

"க்கும்" என்றார் இருமல். "உங்க தம்பிதான். கரி விட்டுட்டாரு."

அக்கா திரும்பி வாசலுக்கு வந்தாள். கிணற்றுத் தண்ணீர் நிறைந்த குடம் அங்கேயே இருந்தது. அதை எடுத்துச் சாய்த்து, "கைய நீட்டு" என்றாள். அவர் சின்னப் பையன் போல இரண்டு கையையும் நீட்டினார். தண்ணீர் வெள்ளையாக விழுந்து, கறுப்பாகி, மண்ணில் ஓடியது. உள்ளங்கை வந்தது, விரல்கள் வந்தன. குடம் காலியாகும் வரை ஊற்றினாள். நகக்கண்ணிலும் ரேகையிலும் மட்டும் கறுப்பு அப்படியே நின்றது. அவர் அதைத் தேய்க்கத் தொடங்கினார்.

"விடு, அது இருக்கட்டும்" என்றாள் அக்கா. "சாயங்காலம் வீட்டுக்கு வா."